தெற்குத் தெரு அப்படியே இருந்த கதை

பூசணிக்குறிச்சிக்காரர்களை மூடர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் இருப்பது தேரிக்காட்டை ஒட்டி. செம்மண், உடைமரம், வெயில். மற்ற விளைச்சல் பொய்த்தாலும் வெயில் மட்டும் பொய்த்ததில்லை. ஊருக்கு இரண்டே தெரு, வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும். நடுவில் ஒரு வாய்க்கால். அதில் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதைத் தாண்டும்போது எல்லோரும் வேட்டியைத் தூக்கிக்கொள்வார்கள்.

தெற்குத் தெரு முக்கில் சீனிவேல் சைக்கிள் கடை வைத்திருந்தான். முப்பதைத் தாண்டியவன். ஊரில் கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளை அவன் ஒருத்தன்தான். ஆள் நல்லவன், பழுது சொல்ல ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வரச் சொன்னால் போவான், பெண்ணைப் பார்ப்பான், கேசரி சாப்பிடுவான், திரும்பி வந்துவிடுவான். பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டால், பார்க்கத்தானே சொன்னார்கள் என்பான். கடைசியில் ஊர்த்தலைவர் பிறவிப்பெருமாளின் மகள் பேச்சிக்கனி, சைக்கிளுக்குக் காற்று அடிக்க வந்த இடத்தில், "என்னைப் பிடிச்சிருக்குன்னு எங்க அப்பாகிட்ட வந்து சொல்லும்" என்றாள். போய்ச் சொன்னான். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பேச்சிக்கனி வடக்குத் தெருக்காரி. வாய்க்காலைத் தாண்டி வந்தால் புகுந்த வீடு. சீனிவேலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த ஆனி மாதத்தில்தான் கிருபாகரன் என்கிற அதிகாரி ஊருக்கு வந்தான். சின்ன வயது, கண்ணாடி போட்ட முகம், மோட்டார் சைக்கிள். ஊர் எல்லையில் முள் குத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சீனிவேல் கடையில் விட்டுவிட்டு, வாய்க்கால் கரையில் ஊரைக் கூட்டி உட்காரவைத்தான். எங்கோ பனி கொட்டுகிற ஒரு நாட்டு அரசாங்கம், வெயிலில் வாடும் ஊர்களுக்கு நிழல்மரம் வைக்க உதவி செய்கிறது என்றான். புங்கையும் பூவரசும் ஆள் உயரக் கன்றாகவே வரும் என்றான்.

பனி கொட்டுகிற நாட்டுக்காரனுக்கு நம் வெயில் மேல் என்ன அக்கறை என்று யாரோ கேட்டார்கள். தெற்குத் தெருப் பலசரக்குக் கடை சுப்புக்குட்டி அண்ணாச்சி எழுந்து விளக்கம் சொன்னார். அவர்கள் பங்கு வெயிலும் சேர்ந்து நம் பக்கம் வந்துவிட்டது, அதனால்தான் அங்கே பனி கொட்டுகிறது, அது அவர்களுக்கு மனசை உறுத்துகிறது என்றார். கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். பிறகு, ஏறக்குறைய அப்படித்தான் என்றான்.

அதற்குப் பிறகுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. மரம் வைத்தோம் என்று மட்டும் சொன்னால் அந்த நாட்டு ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மரத்தால் என்ன பலன் என்று அளந்து காட்ட வேண்டும் என்றான் கிருபாகரன். வெறுமனே வடக்குத் தெரு குளிர்ந்திருக்கிறது என்றால், அந்த வருஷம் நல்ல மழை, அதனால் குளிர்ந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே முதலில் வடக்குத் தெருவில் மட்டும் மரம். தெற்குத் தெருவில் ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து இரண்டு தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், அந்த வித்தியாசம்தான் உதவியின் பலன். பலன் தெரிந்துவிட்டால் தெற்குத் தெருவுக்கும் மரம் வந்துவிடும்.

"அதனால தெற்குத் தெரு இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். எதையும் மாத்திராதீங்க. வடக்குத் தெரு பாருங்க, ரெண்டு வருஷத்துல அடையாளமே தெரியாம மாறிடும்" என்றான்.

பிறகு பையிலிருந்து இரண்டு தெர்மாமீட்டர்களை எடுத்து, தெருவுக்கு ஒன்றாகக் கொடுத்தான். இதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வந்து பார்ப்பேன் என்றான். அப்புறம் டீ வந்தது. குடிக்கும்போது பிறவிப்பெருமாள், எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டார், தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று. இன்னும் இல்லை, அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வெட்கத்தோடு சொன்னான். அதற்குள் கடைசி பஸ் வந்து ஹாரன் அடித்தது. வண்டியை அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சீனிவேலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அவன் அலுவலகத்தில் வேறு வண்டி கொடுத்து வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது பூசணிக்குறிச்சிக்குத் தெரியாது.

பஸ் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் ஊர்க்கூட்டம் கூடியது. தெற்குத் தெருக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யாருக்கும் வரும், ஒன்றும் செய்யாமல் இருக்கிற பொறுப்பை நம்மை நம்பித்தானே கொடுத்திருக்கிறான் என்ற பெருமை.

"அப்படியேன்னா எப்படி?" என்று கேட்டார் சுப்புக்குட்டி அண்ணாச்சி.

"அந்தத் தம்பி சொன்ன நிமிஷத்துல தெரு எப்படி இருந்துச்சோ அப்படி" என்றார் பிறவிப்பெருமாள்.

"அந்த நிமிஷத்துல எனக்குப் பாதிச் சவரம்தான் ஆகியிருந்துது."

ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அதிகாரி வந்திருக்கிறான் என்று கேட்டுப் பாதியில் எழுந்து வந்தவர். வலது கன்னமும் வலது பக்க மீசையும் போயிருந்தன. இடது பக்கம் முழுசாக இருந்தது.

"அப்ப பாதிதான் இருக்கணும்" என்றார் தலைவர்.

"விட்டா மறுபாதி முளைச்சிருமே."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "வலப்பக்கம் தினமும் சிரைச்சிரும். இடப்பக்கம் கூடினா வெட்டி அதே அளவுல நிறுத்திரும். தெருவுக்காக இதுகூடச் செய்ய மாட்டீராவே?"

"செய்வேன்" என்றார் அண்ணாச்சி.

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் நிலைமையைச் சொன்னார்கள். ஒரு வீட்டுக் கூரையில் ஒரு ஓடு விழுந்திருந்தது. அதை மாட்டக் கூடாது என்று முடிவானது. இனிமேல் வேறு ஓடு விழுந்தால் அதை மட்டும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம், முதலில் விழுந்ததைத் தொடக் கூடாது. ஒரு பசு கன்று போடும் மாதத்தில் இருந்தது. தெற்குத் தெருவில் ஒரு கன்று கூடினால் கணக்குக் கெட்டுப்போகும் என்பதால், அதை வாய்க்காலைத் தாண்டி ஓட்டிப்போய் ஈன வைத்து, கன்றை அங்கேயே விட்டுவிட்டுப் பசுவை மட்டும் ஓட்டி வருவது என்று தீர்மானித்தார்கள்.

பெரியமுத்து, சின்னமுத்து என்று அண்ணன் தம்பி இருவர். வரப்புத் தகராறில் பேசாமல் இருந்தவர்கள். மறுநாள் சமாதானம் ஆகலாம் என்று இரண்டு பேருமே மனதுக்குள் நினைத்திருந்தார்கள். அந்த நிமிஷத்தில் நீங்கள் பேசிக்கொள்ளவில்லை, ஆகவே இனியும் பேசக் கூடாது என்றார் தலைவர். பாவம், அன்றிலிருந்து இருவரும் சாயங்காலம் வடக்குத் தெருவுக்குப் போய்த் தோளில் கைபோட்டு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். வாய்க்காலைத் தாண்டித் திரும்பியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு ஓரமாக வீட்டுக்கு நடப்பார்கள்.

சீனிவேலின் முறை வந்தது. அதிகாரி சொன்ன நிமிஷத்தில் அவனுடைய கடையில், அதிகாரியின் டியூப்தான் தண்ணீர்ச் சட்டிக்குள் கிடந்தது. ஓட்டையிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது.

"அப்ப குமிழி வந்துக்கிட்டே இருக்கணும்" என்றார் தலைவர்.

அதை அவன் ஒத்துக்கொண்டான். உட்காரவில்லை. தலையைச் சொறிந்தபடி நின்றான். ஆவணியில் கல்யாணம் இருக்கிறதே, அதற்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டான்.

பிறவிப்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். என் மகள் தெற்குத் தெருவுக்கு வந்தால் ஒரு தலை கூடும் என்றார். அப்படியானால் நான் வடக்குத் தெருவுக்கு வந்துவிடுகிறேன் என்றான் சீனிவேல். அப்போது ஒரு தலை குறையும் என்றார். நான் வந்துவிட்டு அங்கிருந்து வேறு ஒருத்தரை இங்கே அனுப்பினால் என்ன என்றான். தலை சரியாக இருக்கும், மூஞ்சி மாறும் என்றார். சொந்த மகள் விஷயம் என்றாலும் அவர் நியாயத்திலிருந்து இம்மியும் நகரவில்லை. ஊர் அதைக் கண்டு உருகிப்போனது. அந்தத் தம்பி வந்து பலனை அளந்து முடிக்கட்டும், மறுநாளே தாலி கட்டலாம் என்று வாக்குக் கொடுத்தார். அதுவரை தெற்குத் தெரு தெர்மாமீட்டரைக் காக்கும் பொறுப்பையும் சீனிவேலிடமே கொடுத்தார்கள், பலன் வந்தால் அதிகம் சந்தோஷப்படப் போகிறவன் அவன்தானே என்று.

பேச்சிக்கனி கடைக்கு வந்தாள். காற்று அடிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நின்றாள், சைக்கிளை மறந்துவிட்டு வந்திருந்தாள். அதிகாரி வந்து அளக்கிற வரைக்கும் காத்திருக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றாள். பக்கத்து ஊர் மாவு மில்காரர் வீட்டில் இருந்து பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றாள். சீனிவேல் தலையை ஆட்டினான். அவனுக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் அழுதுகொண்டிருக்கவில்லை என்பதால் அடக்கிக்கொண்டான்.

வடக்குத் தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அடையாளம் தெரியாமல் மாற வேண்டும் என்றல்லவா அதிகாரி சொல்லியிருக்கிறான்? மரங்களை நட்டுத் தண்ணீர் ஊற்றியதோடு, மாதம் பிறந்தால் எல்லோரும் வீடு மாறிக்கொண்டார்கள். மேற்கு வீட்டுக்காரர் நடு வீட்டுக்கு, நடு வீட்டுக்காரர் கிழக்கு வீட்டுக்கு. கொல்லைப்புறக் கதவை வாசலாக்கினார்கள், வாசலைக் கொல்லையாக்கினார்கள். கடிதம் கொண்டுவரும் தபால்காரர் மூன்றாம் மாதமே அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டவன் சீனிவேல். சாயங்காலம் வாய்க்கால் கரையில் நின்று பேச்சிக்கனி வீட்டு ஜன்னலைப் பார்ப்பான். போன மாதம் அவள் தலை வாரிக்கொண்டிருந்த ஜன்னலில் இந்த மாதம் சலூன்காரர் எசக்கி நின்று பல் துலக்கிக்கொண்டிருப்பார். சீனிவேலுக்கு அவரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவான்.

காலையில் எழுந்ததும் அவனுக்கு முதல் வேலை டியூப்புக்குக் காற்று அடிப்பது. குமிழி நின்றுவிட்டால் திரும்பவும் அடிப்பது. வெளியூர் வாடிக்கையாளர் பஞ்சர் என்று வந்தால், வாய்க்காலைத் தாண்டி வடக்குத் தெருவில் வைத்து ஒட்டிக்கொடுப்பான். எல்லாச் சைக்கிளுக்கும் ஒட்டினான். தன் கடைச் சட்டியில் கிடந்த அந்த ஒரு டியூப்பை மட்டும் ஒட்டவில்லை. ஒவ்வொரு குமிழி வரும்போதும் பேச்சிக்கனி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வான்.

மரம் நன்றாகவே வளர்ந்தது. புங்கை சடசடவென்று கிளை விட்டது. வடக்குத் தெருவில் மத்தியானத்தில்கூடக் கட்டிலை வெளியே போட்டுப் படுத்தார்கள். தெற்குத் தெருவில் வெறுங்காலோடு நடந்தால் தோல் உரிந்தது. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது, பலன் வந்துவிட்டது என்று சீனிவேல் மகிழ்ந்துபோனான்.

இரண்டாம் வருஷம் கோடை முற்றும்போது ஒரு சிக்கல் வந்தது. மரங்கள் நின்றது வாய்க்காலின் வடகரையில். அந்த மாதங்களில் மத்தியான வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே விழும். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால், புங்கை நிழல் வாய்க்காலைத் தாண்டித் தெற்குத் தெருவுக்குள் முழ நீளத்துக்கு வந்து கிடக்கிறது.

"உதவி நம்ம பக்கம் ஒழுகுது" என்றார் சுப்புக்குட்டி அண்ணாச்சி, பாதி மீசை துடிக்க.

கூடிப் பேசினார்கள். கிளையை வெட்டலாம் என்றால் அது வடக்குத் தெரு சொத்து. முதலில் விளக்குமாறு கொண்டுவந்து நிழலை அந்தப் பக்கம் பெருக்கித் தள்ளிப் பார்த்தார்கள். அது போவது போலப் போய் அங்கேயே நின்றது. பந்தல் போட்டு மறைக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார், பந்தலுக்கும் நிழல் உண்டே என்று இன்னொருத்தர் மடக்கினார். கடைசியில் பெரியமுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். நிழல் தரையில் விழுந்தால்தானே தெருவுக்குக் கணக்கு? ஆட்கள் வரிசையாக நின்று தலையில் வாங்கிக்கொண்டால் தரைக்குப் போகாது. அன்று முதல் மத்தியானமானால் தெற்குத் தெரு ஆண்கள் வாய்க்கால் ஓரம் தோளோடு தோள் ஒட்டி நின்று, நிழலைத் தலையிலும் முதுகிலும் வாங்கினார்கள். பெண்கள் முறம் எடுத்து வந்து, வடக்கேயிருந்து வரும் குளிர்ந்த காற்றை வீசித் திருப்பி அனுப்பினார்கள். நிழலில் நின்றவர்களுக்கு உடம்பு சுகமாகத்தான் இருந்தது. தப்புச் செய்கிறோமோ என்ற பயத்தில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்கள்.

நிழலையும் காற்றையும் இப்படிக் காத்தாகிவிட்டது. தெர்மாமீட்டரை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சீனிவேல் அதைக் கடை வாசல் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தான். வெயில் ஏற ஏற அதிலுள்ள சிவப்புக் கோடும் ஏறியது. ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டரைப் பார்த்திருக்கிறான். கோடு ஏறினால் காய்ச்சல் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருளுக்கு இப்படிக் காய்ச்சல் அடிக்கிறதே என்று அவன் மனம் பொறுக்கவில்லை. ஈரத் துணியை எடுத்துச் சுற்றிப் பார்த்தான். கோடு இறங்கியது. துணி காய்ந்ததும் ஏறியது. மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதைத் தரையில் பாதி புதைத்து, தெர்மாமீட்டரைக் கழுத்துவரை உள்ளே இறக்கிவைத்தான். கோடு சுகமாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ராத்திரி பகல் பாராமல் தண்ணீர் மாற்றினான். பேச்சிக்கனிக்கு அடுத்தபடி அவன் பாசம் வைத்தது அதன் மேல்தான்.

வடக்குத் தெருவில் அந்தப் பொறுப்பு தலைவருடையது. மர நிழலில் தொங்கிய தெர்மாமீட்டரில் கோடு இறங்கிக்கிடந்தது. ஐயோ, குளிரில் விறைக்கிறதே என்று பிறவிப்பெருமாள் அதைக் கம்பளியில் சுற்றி, நெல் அவிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காத்தார்.

சொன்னபடி இரண்டு வருஷம் கழித்துக் கிருபாகரன் வந்தான், பஸ்ஸில். வடக்குத் தெருவுக்குள் காலை வைத்ததும் கண்ணாடியைக் கழற்றி முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டான். அருமை, அருமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாய்க்காலைத் தாண்டித் தெற்குத் தெருவுக்கு வந்ததும் வியர்த்து வழிந்தது. அதைப் பார்த்து அவனுக்கு இன்னும் சந்தோஷம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றான். சீனிவேல் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி நின்றான். வாய்க்காலின் அந்தக் கரையில் பேச்சிக்கனி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை, அளந்தாயிற்று என்கிற ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும்.

கிருபாகரன் தெர்மாமீட்டர்களைக் கேட்டான். தலைவர் கம்பளியைப் பிரித்தார். சீனிவேல் பானைக்குள் கைவிட்டான். அதிகாரி இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான், திரும்ப இதைப் பார்த்தான். வடக்குத் தெருவின் கோடு உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. தெற்குத் தெருவின் கோடு கிணற்றுக்குள் போன மாதிரி இறங்கியிருந்தது.

"வித்தியாசம் நல்லாத் தெரியுதா தம்பி?" என்று கேட்டார் தலைவர்.

"தலைகீழாத் தெரியுது" என்றான் அதிகாரி.

சுப்புக்குட்டி அண்ணாச்சி இரண்டையும் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். மரம் வைத்த இடத்தில் சூடு கூடியிருக்கிறது, வைக்காத இடத்தில் குறைந்திருக்கிறது, ஆகவே வைக்காததுதான் நல்ல பலன் கொடுத்திருக்கிறது என்று ஊருக்கு அறிவித்தார். வைக்காத திட்டத்தை இனி வடக்குத் தெருவுக்கும் கொண்டுவந்துவிடலாம் என்றார் தலைவர். அந்தப் பனி நாட்டுக்காரர்களுக்கு இன்னும் மனசு உறுத்தினால், மிச்சமிருக்கிற மரத்தையும் வைக்காமல் அனுப்பிவைக்கட்டும் என்றார். யாரோ கோடாரி எடுக்கப் போனார்கள். அதிகாரி ஓடிப்போய் ஒரு புங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். வெட்ட மாட்டோம் என்று ஊராரிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் கையை எடுத்தான்.

அப்புறம் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி வாய்க்கால் கரையில் உட்கார்ந்தான். இதைப் போய் நான் எப்படி எழுதி அனுப்புவேன், திரும்ப ஆரம்பத்திலிருந்துதான் அளக்க வேண்டும், இன்னும் இரண்டு வருஷம் என்றான்.

சீனிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இந்தத் தடவை அவன் எதையும் அடக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். எத்தனை குமிழி ஊதினேன், எத்தனை நாள் எசக்கி அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லி அழுதான். கிருபாகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தான். அண்ணாச்சியின் பாதி மீசையிலிருந்து தொடங்கி, பேசாத அண்ணன் தம்பி, பசு, ஓடு, டியூப், நின்றுபோன கல்யாணம் எல்லாவற்றையும் ஊரார் பெருமையாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலைங்க. கல்யாணத்துக்கும் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தயவுசெஞ்சு நாளைக்கே அவருக்குக் கல்யாணம் பண்ணிவைங்க" என்றான். அந்த டியூப்பையும் தயவுசெய்து ஒட்டிவிடுங்கள் என்று சேர்த்துச் சொன்னான்.

அக்கரையில் நின்ற பேச்சிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சீனிவேல் எழுந்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். ஆனால் பிறவிப்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பண்ணிவைக்கலாம். ஆனா பண்ணிவச்சோம்னு மட்டும் சொன்னாப் பத்துமா? கல்யாணத்தால என்ன பலன்னு அளந்து காட்ட வேண்டாமா? நாளைக்கு இவன் நல்லா இருந்தான்னா, அது கல்யாணத்தால வந்துதா, மழையால வந்துதான்னு எப்படித் தெரியும்?"

ஊர் பெருமூச்சு விட்டது. எவ்வளவு சரியான கேள்வி! தலைவர் மேலே சொன்னார். இவன் வயசுக்காரனாக, இவனைப் போலவே கல்யாணம் ஆகாத ஒருத்தன் வேண்டும். அவனுக்கு ஒன்றும் செய்யக் கூடாது, எப்படி இருக்கிறானோ அப்படியே வைத்திருக்க வேண்டும். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் சீனிவேலை விட்டால் ஊரில் கல்யாணம் ஆகாதவன் யாரும் இல்லையே.

பேச்சிக்கனியின் சிரிப்பு நின்றது. தெரு முக்கில் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கிருபாகரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் போனான்.

"தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. அம்மா பாத்துக்கிட்டே இருக்காங்க" என்று அதே வெட்கத்தோடு சிரித்தான் அவன், பாதி எழுந்தபடி.

"அப்படியே இருங்க."

போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, அவன் சிரித்த முகத்தோடு அசையாமல் இருந்தான். அதற்குள் பெரியமுத்து ஒரு பக்கமும் சின்னமுத்து ஒரு பக்கமும் வந்து, நாற்காலிக்கும் அவனுக்கும் நடுவில் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு தலையணையும் வைத்து முட்டுக்கொடுத்துவிட்டார்கள். கீழே உட்காரவும் முடியாது. மேலே எழுந்தால் இருவரும் தோளில் அன்பாகக் கைவைத்து அமுக்குவார்கள். ஒருவரோடொருவர் பேசாமல்தான் இவ்வளவும் செய்தார்கள். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை முகூர்த்தம், அதிகாரி இருந்த வாய்க்கால் கரையிலேயே பந்தல். மேளச் சத்தத்தில் அதிகாரி சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. சீனிவேல் தாலி கட்டினான். கண் நிறைந்தது, மூன்றாவது முடிச்சைப் போட்டதும் பேச்சிக்கனி அவன் காதில், போதும், கையை எடும் என்று சொன்ன பிறகுதான் எடுத்தான். உடனே சுப்புக்குட்டி அண்ணாச்சி ஒரு தெர்மாமீட்டரை மாப்பிள்ளையின் கக்கத்திலும், இன்னொன்றை அதிகாரியின் கக்கத்திலும் செருகினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில் நின்றன. கல்யாணத்தால் இதுவரை ஒரு பலனும் இல்லை, ஆனால் இப்போதுதானே கட்டியிருக்கிறான், இரண்டு வருஷம் பார்ப்போம் என்று பந்தலில் அறிவித்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அப்போது அதிகாரியின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் கையை அசைக்க விடாமல் பிறவிப்பெருமாளே எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அவனுடைய அம்மா. நல்ல இடத்தில் பெண் கிடைத்திருக்கிறது, கிருபாவிடம் போனைக் கொடுங்கள் என்றார்.

"ரெண்டு வருஷம் போகட்டும்மா. இப்ப எதையும் மாத்தக் கூடாது" என்றார் தலைவர்.

அந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று, எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

தலைவர் திரும்பி, செங்கல் மேல் பாதி எழுந்தபடி இருந்த அதிகாரியை மேலும் கீழும் கவனமாகப் பார்த்தார்.

"கவலையே படாதீங்க. நேத்து எப்படி இருந்தாவளோ அப்படியே இருக்காவ. பத்திரமாப் பாத்துக்கிடுதோம்."